சண்டை அறிவியலோடா, வாசிப்போடா?

1951 நவம்பர் 22 அன்று வத்திக்கானின் அறிவியல் கழகத்தில் போப் பன்னிரண்டாம் பயஸ் ஓர் உரை நிகழ்த்தினார். பிரபஞ்சம் மிகச் சிறிய, மிக நெருக்கமான ஒரு நிலையிலிருந்து விரிந்து வந்தது என்று வானியலாளர்களில் ஒரு சாரார் சொல்லிவந்த காலம் அது. "வெளிச்சம் உண்டாகக்கடவது" என்று தேவன் சொன்ன அந்த முதல் கணத்துக்கு இன்றைய அறிவியலே சாட்சி சொல்ல வந்துவிட்டது என்ற பொருளில் போப் பேசினார். சிருஷ்டி நடந்திருக்கிறது, ஆகவே சிருஷ்டிகர் இருக்கிறார் என்று முடித்தார். உலகெங்கும் விசுவாசிகள் பலருக்கு அது தேன்போல இனித்தது.

அந்த உரையால் சங்கடப்பட்டவர்களில் முக்கியமானவர் ஒரு கத்தோலிக்கக் குரு. பெயர் ஜார்ஜ் லெமேத்ர். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். போப் எந்தக் கொள்கையைச் சாட்சிக்கு அழைத்தாரோ, அந்தக் கொள்கையின் தகப்பனே இவர்தான். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927ல் கணக்குப் போட்டு எழுதினார். ஐன்ஸ்டைன் அதைப் பார்த்துவிட்டு, கணக்கு சரி, இயற்பியல்தான் சகிக்கவில்லை என்ற அர்த்தத்தில் பதில் சொன்னாராம். 1931ல் லெமேத்ர் இன்னும் ஒரு படி மேலே போய், எல்லாம் ஓர் 'ஆதி அணு'விலிருந்து கிளம்பியது என்றார். 'பெருவெடிப்பு' என்ற பெயர் அப்புறம்தான் வந்தது. அந்தக் கொள்கையை ஏற்காத ஃப்ரெட் ஹாயில் 1949ல் பிபிசி வானொலியில் பேசும்போது வைத்த பெயர் அது.

சொந்தக் கொள்கைக்குப் போப்பின் ஆசீர்வாதமே கிடைக்கிறது, அதுவும் ஒரு குருவுக்கு. அவர் ஏன் சங்கடப்பட வேண்டும்? இரண்டு காரணங்கள். முதலாவது, அது இன்னும் நிரூபணமாகாத கொள்கை. நாளைக்குத் தப்பென்று தெரியவந்தால், அதன்மேல் கட்டிய விசுவாசத்தின் கதி என்ன? இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. பிரபஞ்சத்தின் தொடக்கம் வேறு, சிருஷ்டி வேறு. தொடக்கம் என்பது காலத்தைப் பற்றிய கேள்வி. சிருஷ்டி என்பது, எதுவுமே இல்லாமல் போவதற்குப் பதில் ஏன் ஏதோ ஒன்று இருக்கிறது, இந்தக் கணத்திலும் அதைத் தாங்கிப் பிடிப்பது யார் என்ற கேள்வி. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இறையியலாளர் தோமா அக்குவினாஸ் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியிருந்தார். உலகத்துக்குத் தொடக்கமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் அது சிருஷ்டிக்கப்பட்டதாகவே இருக்க முடியும் என்பது அவர் வாதம்.

1952 செப்டம்பரில் உலக வானியலாளர்கள் ரோமில் கூடியபோது அதே போப் மறுபடியும் அவர்களிடம் பேசினார். இந்த முறை அந்த நிரூபணப் பேச்சு வரவில்லை.

இந்தச் சம்பவத்தில் கட்சி பிரித்துப் பாருங்கள். ஒரு பக்கம் விசுவாசம், மறுபக்கம் அறிவியல் என்று கோடு போட முடியவில்லை. இரண்டு பக்கமும் விசுவாசிகள். வேதத்தின் முதல் அதிகாரம் எதைச் சொல்ல வந்தது என்பதில்தான் வேறுபாடு. அறிவியலோடும் கலையோடும் சமூக விவாதங்களோடும் கிறிஸ்தவம் மோதியதாகச் சொல்லப்படும் பெரும்பாலான கதைகளைத் துருவினால் இதே கோடுதான் தெரிகிறது என்பது என் எண்ணம். மோதல் முதலில் சபைக்குள்ளேயே, வாசிப்புக்குள்ளேயே நடக்கிறது.

போர் என்ற கதை எப்போது பிறந்தது

மதத்துக்கும் அறிவியலுக்கும் ஆதியிலிருந்தே தீராப் பகை என்ற சித்திரம் நாம் நினைப்பதைவிட இளையது. அதற்கு உருவம் கொடுத்தவர்கள் இரண்டு அமெரிக்கர்கள்: 1874ல் நூல் எழுதிய ஜான் வில்லியம் டிரேப்பர், 1896ல் எழுதிய ஆண்ட்ரூ டிக்சன் வைட். வைட் கார்னெல் பல்கலைக்கழகத்தை நிறுவியவர்களில் ஒருவர். மதச்சார்பற்ற கல்விக்காக அவர் நடத்திய போராட்டத்தின் சூடு அந்த நூலில் இருக்கிறது. இன்றைய வரலாற்றாசிரியர்கள் யாரும் அந்த இரு நூல்களையும் அப்படியே ஏற்பதில்லை. இடைக்காலக் கிறிஸ்தவர்கள் பூமி தட்டை என்று நம்பினார்கள் என்பது இந்த வகைக் கதைகளில் ஒன்று. படித்தவர்கள் யாரும் அப்படி நம்பவில்லை. அக்குவினாஸ் தன் பெருநூலின் முதல் பகுதியிலேயே பூமி உருண்டை என்பதை எல்லோருக்கும் தெரிந்த உதாரணமாகப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்.

சரி, அப்படியானால் கலிலியோ?

கலிலியோ விஷயத்தை மழுப்பக் கூடாது. 1633 ஜூன் 22 அன்று ரோமில் 69 வயது மனிதர் ஒருவரை முழங்காலில் நிறுத்தி, பூமி நகர்கிறது என்ற கருத்தைக் கைவிடுகிறேன் என்று சொல்ல வைத்தார்கள். 1642ல் சாகும்வரை வீட்டுக்காவல். அது அநியாயம். 1992ல் இரண்டாம் ஜான் பால் அன்றைய இறையியலாளர்களின் தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

ஆனால் அந்த வழக்கின் உள்ளே இருந்த கேள்வி சுவாரசியமானது. யோசுவா 10ஆம் அதிகாரத்தில், "சூரியனே, நீ கிபியோன்மேலும், சந்திரனே, நீ ஆயலோன் பள்ளத்தாக்கிலும், தரித்துநில்லுங்கள்" என்று இருக்கிறது. ஓடுகிற சூரியனைத்தானே நிற்கச் சொல்ல முடியும்? சங்கீதம் 104, பூமி "ஒருபோதும் நிலைபேராதபடி" ஸ்தாபிக்கப்பட்டது என்கிறது. கலிலியோ இந்த வசனங்களை ஒதுக்கித் தள்ளவில்லை. 1615ல் எழுதிய நீண்ட கடிதத்தில், வேதம் பொய் சொல்லாது, அதை வாசிக்கிறவர்கள் தவறலாம் என்று வாதாடினார். வேதம் மக்கள் பேசுகிற மொழியில் பேசுகிறது என்றார். நாமும் இன்றைக்குச் சூரியன் உதித்தது, மறைந்தது என்றுதானே சொல்கிறோம்? பரிசுத்த ஆவியானவர் கற்பிக்க வந்தது பரலோகத்துக்குப் போகும் வழியை, வானம் ஓடும் வழியை அல்ல என்று ஒரு திருச்சபைப் பெரியவர் சொன்னதையும் அதில் மேற்கோள் காட்டினார்.

எதிர்ப்பக்கம் நின்ற கர்தினால் பெல்லார்மின் முட்டாள் அல்ல. அதே 1615 ஏப்ரலில் அவர் எழுதிய கடிதத்தில் ஒரு முக்கியமான வரி இருக்கிறது: பூமி நகர்வது உண்மையாகவே நிரூபிக்கப்பட்டால், வேதவசனங்களை மிகுந்த கவனத்தோடு மறுபடி விளக்க வேண்டியிருக்கும், நிரூபிக்கப்பட்ட ஒன்றைப் பொய் என்று சொல்வதைவிட, வசனம் நமக்குப் புரியவில்லை என்று சொல்வதே மேல். அப்படிப்பட்ட நிரூபணம் இருப்பதாக அவர் நம்பவில்லை. அதில் பாதி நியாயம் இருந்தது. கலிலியோ தன் கையில் இருந்த பலமான சான்றாகக் கருதியது கடல் அலையேற்றத்தை. பூமி அசைவதால்தான் கடல் ஏறி இறங்குகிறது, சந்திரனுக்கு அதில் வேலையில்லை என்றார். அது தப்பு. பூமி சூரியனைச் சுற்றினால் விண்மீன்கள் கொஞ்சம் இடம் மாறித் தெரிய வேண்டும். அந்த மிக நுட்பமான மாற்றத்தை ஃப்ரெட்ரிக் பெசல் அளந்தது 1838ல்தான்.

கலிலியோவும் பெல்லார்மினும் ஒரே ஆசிரியரிடம் பாடம் கேட்டவர்கள் என்றே சொல்லலாம். இருவருக்கும் முன்னால் ஆதித் திருச்சபையின் ஆசானான அகுஸ்தீன் நின்றார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆதியாகமத்துக்கு எழுதிய உரையில் அவர் ஓர் எச்சரிக்கை வைத்திருந்தார். வானம், பூமி, விண்மீன்களின் ஓட்டம் பற்றி விசுவாசி அல்லாதவருக்கும் ஓரளவு நிச்சயமாகத் தெரியும். அவருக்கு முன்னால் ஒரு கிறிஸ்தவன் வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்த விஷயங்களில் உளறினால், அவர் வேதத்தையே உளறல் என்று நினைத்துவிடுவார். பிறகு உயிர்த்தெழுதலைப் பற்றி அதே வேதம் சொல்வதை எப்படி நம்புவார்? ஏறக்குறைய 1600 ஆண்டுகளுக்கு முன் எழுதியது இது.

அகுஸ்தீனின் எச்சரிக்கை நம் கைப்பேசிக்கும் பொருந்தும். நாசாவின் கணினி பின்னோக்கிக் கணக்குப் போட்டபோது ஒரு நாள் காணாமல் போயிருந்தது, அது யோசுவாவின் நாள் என்று ஒரு செய்தி ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சுற்றிவருகிறது. அப்படி எதுவும் நடக்கவில்லை, நடக்கவும் முடியாது. கோள்கள் இன்றிருக்கும் இடத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால், அன்று அவை எங்கே இருந்திருக்கும் என்று தெரியும், அவ்வளவுதான். நடுவில் ஒரு நாள் நின்றுபோனதா என்று கண்டுபிடிக்க, அன்றைக்கு யாராவது தனியாகப் பதிவு செய்த துல்லியமான குறிப்பு வேண்டும். டார்வின் மரணப் படுக்கையில் மனம் திரும்பினார் என்ற கதையும் அப்படித்தான். 1915ல் அச்சானது, 1922ல் அவர் மகளே மறுத்தார். இவற்றைப் பகிர்கிறவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் பகிர்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் பொய்யை வைத்துச் சத்தியத்துக்கு முட்டுக் கொடுக்கிறோமே என்று ஒவ்வொரு முறையும் மனசு வலிக்கிறது.

டார்வினும், பரிசு வாங்கிய பிரசங்கங்களும்

1859ல் டார்வினின் நூல் வந்தவுடன் சபை முழுவதும் ஒரே குரலில் எதிர்த்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆங்கிலிக்கன் குருவானவர் சார்ல்ஸ் கிங்ஸ்லி அந்த நவம்பரிலேயே டார்வினுக்குக் கடிதம் எழுதினார். தானாக வளரக்கூடிய சில ஆதி உயிர்களைப் படைத்த தேவன், ஒவ்வொன்றாகப் படைத்த தேவனுக்கு எந்த விதத்திலும் குறைந்தவர் அல்ல என்று அதில் சொல்லியிருந்தார். டார்வின் அதைப் பெயர் சொல்லாமல் தன் இரண்டாம் பதிப்பில் சேர்த்துக்கொண்டார். அமெரிக்காவில் டார்வினுக்காக வாதாடிய முக்கியமான தாவரவியலாளர் ஏசா கிரே ஒரு பிரஸ்பிட்டீரியன் விசுவாசி. எதிர்த்தவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் அவர்கள் எல்லோரும் பூமிக்கு ஆறாயிரம் வயது என்று சொல்லவில்லை.

ஆறு நாளை இருபத்துநாலு மணி நேர நாள்களாக எடுக்க வேண்டுமா என்ற கேள்வி டார்வினுக்குப் பயந்து வந்ததல்ல. சூரியன் நாலாம் நாளில்தானே உண்டாகிறது, அப்படியானால் முதல் மூன்று நாளின் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே வேத அறிஞர் ஓரிகன் கேட்டுவிட்டார். வசனத்தைக் கூர்ந்து வாசித்ததால் எழுந்த கேள்வி அது. இன்று நாம் காணும் 'இளம் பூமி' இயக்கம் பெரிய அளவில் பரவியது 1960களில்தான்.

1925ல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் டேட்டன் என்ற சிற்றூரில் நடந்த வழக்கு எல்லோருக்கும் தெரிந்தது. பரிணாமம் கற்பித்ததாக ஓர் ஆசிரியர்மீது வழக்கு, 100 டாலர் அபராதம். பரிணாமத்துக்கு எதிராக நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் மூன்று முறை அதிபர் தேர்தலில் நின்றவர். அவரைப் படிக்காத மூடர்போலக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. சாட்சிக் கூண்டில் அவரே, ஆதியாகமத்தின் நாள் இருபத்துநாலு மணி நேரமாக இருக்க வேண்டியதில்லை என்று ஒப்புக்கொண்டார். அவருடைய அச்சத்தின் ஒரு பகுதி வேறு இடத்தில் இருந்தது. வலியவன் வாழ்வான், எளியவன் அழிவான் என்பதை இயற்கையின் விதி என்பதோடு நிறுத்தாமல் சமூகத்தின் விதியாகவும் ஆக்கிவிடுவார்கள் என்று அவர் பயந்தார். அறிவியலில் அவர் தவறினார். இந்தப் பயம் மட்டும் வீண்போகவில்லை.

அந்த வழக்கின் மையத்தில் இருந்த உயிரியல் பாடநூல் மனித இனங்களை உயர்ந்தது தாழ்ந்தது என்று வரிசைப்படுத்தியது. 'தரமற்ற' குடும்பங்கள் பெருகாமல் தடுக்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. யூஜெனிக்ஸ் எனப்பட்ட இந்த இன மேம்பாட்டுக் கொள்கை அந்தக் காலத்தின் மதிப்புமிக்க அறிவியல். 1926ல் அமெரிக்க யூஜெனிக்ஸ் சங்கம் ஒரு போட்டி நடத்தியது. இந்தக் கொள்கையை ஆதரித்துச் சிறந்த பிரசங்கம் செய்யும் போதகருக்குப் பரிசு. முற்போக்கானவர்கள், அறிவியலோடு இசைந்து போகிறவர்கள் என்று பெயர் வாங்கிய போதகர்கள் பலர் கலந்துகொண்டார்கள். மறு ஆண்டே, 1927ல், 'மனவளர்ச்சி குன்றியவர்' என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1930ல் அதைத் திட்டவட்டமாகக் கண்டித்தது, அன்றைக்குப் பழமைவாதி என்று பேர் வாங்கிய கத்தோலிக்கத் திருச்சபை.

இந்த இடத்தில்தான் நான் ரொம்ப நேரம் நின்றுவிடுகிறேன். கலிலியோ கதையை மட்டும் கேட்டு வளர்ந்தால், அறிவியல் சொல்வதற்குச் சபை சீக்கிரம் தலையாட்டிவிட்டால் போதும் என்று தோன்றும். அந்தப் பிரசங்கப் போட்டிக்குப் போனவர்கள் அப்படித் தலையாட்டியவர்கள்தான். பட்டாணிச் செடியில் மரபுப் பண்புகள் எப்படிக் கடத்தப்படுகின்றன என்பது ஓர் உண்மை. அதை 1866ல் எழுதியவர் கிரிகோர் மெண்டல் என்ற துறவி. அந்த உண்மையிலிருந்து, இந்த மனிதர் பிறந்திருக்கவே கூடாது என்ற முடிவுக்குத் தாவுவது அறிவியல் இல்லை. தேவசாயலாக மனுஷனைப் படைத்தார் என்ற வசனத்தைத் தினமும் வாசித்தவர்களுக்கு அந்தத் தாவலைக் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இடைவெளியில் தேவனை வைப்பது

லெமேத்ர் பயந்த அந்த விஷயத்துக்குத் திரும்புவோம். நமக்குத் தெரியாத இடத்தில் தேவனை வைத்து அடைப்பது பழைய பழக்கம். கோள்களின் பாதை மெல்ல மெல்லக் குலைந்துபோகும், தேவன் அவ்வப்போது சரிசெய்ய வேண்டியிருக்கும் என்று நியூட்டனே நினைத்தார். இதென்ன, தான் செய்த கடிகாரத்துக்கே அடிக்கடி சாவி கொடுக்க வேண்டிய கடிகாரக்காரரா தேவன் என்று 1715ல் ஜெர்மானியத் தத்துவஞானி லைப்னிட்ஸ் கேட்டார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் வியாழன், சனி கோள்களின் தடுமாற்றம் தானே திரும்பவும் சரியாகிவிடும் ஒன்று என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் கணக்கிட்டுக் காட்டிவிட்டார். நியூட்டன் தேவனுக்கு ஒதுக்கிய வேலை காணாமல் போயிற்று.

இந்தப் பழக்கத்தைக் கண்டித்தவர்களும் விசுவாசிகளே. இடைவெளிகளைத் தேடித் தேடி அங்கே தேவனை நிரப்புகிறவர்களைப் பற்றி வருத்தத்தோடு எழுதியவர் ஹென்றி டிரம்மண்ட். ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற நற்செய்தியாளர் அவர். 1944 மே 29 அன்று பெர்லினில் டேகல் சிறையிலிருந்து, ஹிட்லரை எதிர்த்த ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் எழுதிய கடிதத்திலும் இதே விஷயம் வருகிறது. அப்போது அவர் இயற்பியல் நூல் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தார். நமக்குத் தெரியாதவற்றில் அல்ல, தெரிந்தவற்றில் தேவனைக் காண வேண்டும் என்று எழுதினார். குண்டுவீச்சு நடக்கும் நகரத்தில் சிறையிலிருந்த கைதி அவர். அடுத்த ஏப்ரலில் அவரைத் தூக்கிலிட்டார்கள். தேவனை ஓட்டையடைக்கிற பொருளாக்கக் கூடாது என்ற கவலை அந்த நேரத்திலும் அவருக்கு இருந்திருக்கிறது.

இயற்பியலாளராக இருந்து குருவானவரான ஜான் போல்கிங்ஹார்ன் ஓர் எளிய உதாரணம் சொல்வார். கெண்டியில் தண்ணீர் ஏன் கொதிக்கிறது? எரிவாயு எரிந்து சூடேற்றுவதால். இன்னொரு பதிலும் உண்டு: எனக்குத் தேநீர் வேண்டும் என்பதால். முதல் பதிலில் ஓர் ஓட்டையும் இல்லை. இரண்டாவது பதிலுக்கு அங்கே ஓட்டை தேவையும் இல்லை.

லெமேத்ரின் 1931ஆம் ஆண்டுக் கட்டுரையின் கையெழுத்துப்படி கிடைத்திருக்கிறது. அதன் கடைசிப் பத்தியில், தேவன் தம்மை மறைத்துக்கொண்டிருக்கிறவர், இன்றைய இயற்பியலும் சிருஷ்டிக்கு ஒரு திரை போடுவதைக் கண்டு விசுவாசி மகிழலாம் என்ற கருத்தை எழுதியிருந்தார். பிறகு பேனாவால் அதை அடித்துவிட்டு அனுப்பினார். அச்சில் அந்தப் பத்தி இல்லை. 1958ல் ஓர் அறிவியல் மாநாட்டில்தான் ஏசாயாவின் "மறைத்துக்கொண்டிருக்கிற தேவன்" என்ற சொல்லை வெளிப்படையாகப் பேசினார். அப்போதும், தன் கொள்கை சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது என்பதைச் சொல்லிவிட்டே பேசினார். அந்த அடித்தல் கோட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு மரியாதை எழுகிறது. சொல்ல ஆசைப்பட்டதை, அது சொல்ல வேண்டிய இடம் இதுவல்ல என்று அவரே அடித்திருக்கிறார்.

மேடையும் வானொலியும்

கலைகளைப் பற்றிச் சபைக்குள் இரண்டு மனம் எப்போதும் உண்டு. பவுல் அத்தேனே பட்டணத்துக்குப் போனபோது விக்கிரகங்களைக் கண்டு ஆவியில் வைராக்கியமடைந்தார். ஆனால் மார்ஸ் மேடையில் நின்று பேசும்போது, "உங்கள் புலவர்களிலும் சிலர், நாம் அவருடைய சந்ததியார் என்று சொல்லியிருக்கிறார்கள்" என்று அவர்கள் கவிதையையே எடுத்தார். அராட்டஸ் என்ற கிரேக்கக் கவிஞர் சீயுஸ் தெய்வத்தைப் பற்றி எழுதிய வரி அது. அந்த வரியை மேற்கோள் காட்ட வேண்டுமானால் முதலில் அதை வாசித்து ரசித்திருக்க வேண்டும். நூற்றைம்பது ஆண்டுகள் போல் கழித்து, ஆதித் திருச்சபையின் எழுத்தாளர் தெர்த்துல்லியன், அத்தேனேக்கும் எருசலேமுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். அரங்கக் கேளிக்கைகளுக்குப் போகக் கூடாது என்றும் எழுதினார். மனிதர் சாவதைக் கைதட்டிப் பார்த்த காலம் அது. அந்த விஷயத்தில் அவர் பக்கம்தான் நான் நிற்பேன்.

1941 டிசம்பரில் பிபிசி வானொலி இயேசுவின் வாழ்க்கையைச் சிறுவர் நேரத்தில் தொடர் நாடகமாக ஒலிபரப்ப ஆரம்பித்தது. ஒரு நடிகர் இயேசுவின் குரலாகப் பேசுவதா? சீஷர்கள் தெருவில் பேசுகிற ஆங்கிலத்தில் பேசுவதா? பத்திரிகைகளில் கண்டனம், நாடாளுமன்றத்தில் கேள்வி, தடை செய்யக் கோரிக்கை. எதிர்த்தவர்கள் இயேசுவை நேசித்ததால்தான் எதிர்த்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் புதிய ஏற்பாடு எந்த மொழியில் எழுதப்பட்டது? எகிப்தின் மணலில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகளை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் அடோல்ஃப் டைஸ்மான், அது கடைக்கணக்கும் வீட்டுக் கடிதமும் எழுதப்பட்ட அன்றாட கிரேக்கம் என்று காட்டியிருந்தார். நமக்குச் சின்ன வயதிலிருந்தே காதில் விழுந்த "மெய்யாகவே மெய்யாகவே உங்களுக்குச் சொல்லுகிறேன்" என்ற நடையின் மேல் பாசம் வந்துவிடுகிறது. எனக்கும் அந்தப் பாசம் உண்டு. முதல் வாசகர்களுக்கோ சுவிசேஷம் பக்கத்து வீட்டுக்காரர் பேசுவதுபோலக் கேட்டிருக்கும்.

ஒரு திரைப்படமோ தொடரோ விசுவாசத்தைத் தொடும்போதெல்லாம் முதலில் புண்படுவதும் அப்புறம் தடை கேட்பதும் நமக்குக் கைவந்த பழக்கமாகிவிட்டது. பார்க்காமலே கண்டிக்கிறவர்களும் உண்டு. பவுல் செய்தது அதற்கு முந்திய வேலை. பட்டணத்தைச் சுற்றி வந்து, பீடத்தில் எழுதியிருந்ததைக்கூட நின்று வாசித்தார்.

வெட்டி எடுத்த வேதம்

சமூக விவாதங்களில் வாசிப்பு என்ன செய்யும் என்பதை ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தாலே பார்த்துவிடலாம். 1807ல் லண்டனில் ஒரு வேதாகமம் அச்சிடப்பட்டது. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்காகத் தேர்ந்தெடுத்த பகுதிகள் என்று தலைப்பிலேயே இருந்தது. பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி அதில் இல்லை. யோசேப்பு அடிமையாக விற்கப்பட்டு உண்மையாய் உழைத்த கதை இருக்கிறது. யாத்திராகமத்தில் மோசே ஜனங்களை எகிப்திலிருந்து விடுவித்த அதிகாரங்கள் இல்லை, நேராகச் சீனாய் மலைக்குப் போய்விடுகிறது. "அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை" என்ற கலாத்தியர் வசனம் இல்லை. எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் பகுதி பத்திரமாக இருக்கிறது.

எதை வெட்ட வேண்டும் என்று அச்சிட்டவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. வேதம் என்ன சொல்கிறது என்பது அவர்களுக்குப் புரியாமல் இல்லை, புரிந்ததால்தான் கத்தரி எடுத்தார்கள். அதே 1807ல்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தது. அதற்காக இருபது ஆண்டுகள் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் அதே வேதத்தை வெட்டாமல் வாசித்தவர். 1865ல் லிங்கன் தன் இரண்டாம் பதவியேற்பு உரையில் சொன்னதும் இதைத்தான்: உள்நாட்டுப் போரின் இரு தரப்பும் ஒரே வேதத்தை வாசிக்கிறார்கள், ஒரே தேவனிடம் ஜெபிக்கிறார்கள்.

கத்தரி இல்லாமலும் வெட்டலாம். தென்னாப்பிரிக்காவில் டச்சு சீர்திருத்தச் சபையின் 1857 மாமன்றம், எல்லா நிறத்தவரும் சேர்ந்து ஆராதிப்பதுதான் வேதத்துக்கு ஏற்றது என்று சொல்லிவிட்டு, "சிலருடைய பலவீனத்தினிமித்தம்" தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. அந்தச் சலுகை கொஞ்ச காலத்தில் விதியாயிற்று, பின்பு இறையியலாயிற்று, கடைசியில் ஓர் அரசின் நிறவெறிச் சட்டத்துக்கு வேத ஆதாரமாயிற்று. 1982ல் எழுதப்பட்டு 1986ல் ஏற்கப்பட்ட பெல்ஹார் அறிக்கை அதை மறுத்தது. அதை எழுதிய சபை, அப்படிப் பிரித்து ஒதுக்கப்பட்டவர்களின் சபை.

இன்றைய கேள்விகள் பலவற்றில் சபைகள் ஒரே முடிவுக்கு வரவில்லை. பெண்களுக்குக் குருத்துவம், ஒருபாலீர்ப்பு, கருவின் உயிர், வாழ்வின் கடைசி நாள்கள் என்று எல்லாவற்றிலும் கருத்துவேறுபாடு உண்டு. இவை எல்லாவற்றையும் அடிமை விவகாரம்போலவே பார்த்துவிடலாம் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றுக்கும் அதனதன் வசனங்களும் வரலாறும் இருக்கின்றன. கரு எந்த வாரத்தில் எப்படி இருக்கிறது என்பதை அறிவியல் துல்லியமாகச் சொல்லும். அதற்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்பதை அதனால் சொல்ல முடியாது. சூழலியல் விஷயத்தில் வாசிப்பு நம் கண்ணெதிரே மாறியிருக்கிறது. 1967ல் வரலாற்றாசிரியர் லின் வைட், பூமியை ஆண்டுகொள்ளுங்கள் என்ற கிறிஸ்தவ எண்ணமே இயற்கைச் சீரழிவுக்கு வேர் என்று குற்றம் சாட்டினார். அந்தக் கடுமையான வார்த்தைக்குப் பிறகுதான் பலர் ஆதியாகமத்தின் அடுத்த அதிகாரத்தைக் கவனித்து வாசித்தார்கள். ஏதேன் தோட்டத்தை "பண்படுத்தவும் காக்கவும்" மனுஷனை வைத்தார் என்பது அங்கேயேதான் இருந்தது.

வாலிபர் வேதபாட வகுப்பில் ஒரு நாள் எபேசியர் ஆறாம் அதிகாரம். பழைய மொழிபெயர்ப்பை வைத்திருந்த பையன் "வேலைக்காரரே" என்று வாசித்தான். பக்கத்தில் பொது மொழிபெயர்ப்பை வைத்திருந்த பெண் நிமிர்ந்து, "என்னுதுல அடிமைகளேன்னு இருக்கு அண்ணா" என்றாள். கிரேக்கத்தில் அடிமை என்றே இருக்கிறது என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப பவுல் அதை ஒத்துக்கிட்டாரா?" என்று கேட்டாள்.

பிலேமோனுக்கு எழுதின நிருபத்தைத் திறந்தோம். மொத்தமே இருபத்தைந்து வசனம். ஓடிப்போன ஒநேசிமுவை "இனிமேல் அவன் அடிமையானவனாக அல்ல, அடிமையானவனுக்கு மேலானவனாகவும் பிரியமுள்ள சகோதரனாகவும்" ஏற்றுக்கொள் என்று பவுல் கேட்கிற இடம்வரை வந்தோம். அப்படியானால் விடுதலை செய் என்று நேராகவே எழுதியிருக்கலாமே என்று பையன் கேட்டான். பிலேமோன் அந்தக் கடிதத்தை மறுபடி மறுபடி வாசித்திருப்பான் என்றாள் அவள். வகுப்பு நேரம் முடிந்து மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த ஞாயிறும் அந்தப் பதினாறாம் வசனத்திலிருந்துதான் தொடங்கினோம்.